பன்னிரண்டு புள்ளி ஒன்று

காலை ஐந்தரை.
பல் துலக்கும் முன்பே இரண்டு எண்கள்.
விரல்நுனியைக் குத்தி எனக்கொன்று,
மீட்டர் முனைகளை வைத்து அதுகளுக்கொன்று.
ஒரே நோட்டு, ஒரே பேனா.
சம்பளப் பிரிவில் இருபத்தாறு வருடம்
பற்று வரவு எழுதிய கை
கோடு போடாமல் எழுதாது.

எனக்கு நூற்று நாற்பத்தெட்டு.
அதுகளுக்குப் பன்னிரண்டு புள்ளி ஒன்று.

பழைய பள்ளி மினிபஸ்.
மஞ்சள் பெயிண்டை நான் மாற்றவில்லை.
பின்கண்ணாடியில் இன்னும்
அவசர வழி என்றிருக்கிறது.
மூன்றாம் சீட் இருந்த இடத்தில்
இரண்டு டியூபுலர் பேட்டரி,
ஒவ்வொன்றும் சிமெண்ட் மூட்டையை விடக் கனம்.
செவ்வாய்ப்பேட்டையில் ஜபருல்லா
ஏற்றிக் கட்டும்போது சொன்னார்:
"ஃபேன் சுத்தும்போது கேக்காதீங்க.
எல்லாத்தையும் அணைச்சிட்டு
ரெண்டு மணி நேரம் விட்டுக் கேளுங்க.
வெயில்ல ஏறின உடனே கேட்டா
இல்லாத பணத்தை இருக்குன்னு சொல்லும்.
பாதிக்குக் கீழ இறக்காதீங்கம்மா.
செத்துடாது. ஆனா
பழைய மாதிரி இருக்காது."

அவர் பேட்டரியைப் பற்றித்தான் சொன்னார்.

நாகலூர் தாண்டி, காபித் தோட்டத்து ஓரம்,
சில்வர் ஓக் நிழல் விழாத ஒரே மேடு.
கூரைத் தகடுகளுக்கு வானம் வேண்டுமே என்று
தேடி நிறுத்திய இடம்.
நான்கு நாளாக
கையை நீட்டினால் கை தெரியவில்லை.

முதல் நாள் லைட்டை விட்டேன்.
மறுநாள் ரேடியோ.
அடுத்தது மோட்டார்; குடத்தில் மொண்டு குளித்தேன்,
அதைக் குளியல் என்று சொல்லலாமென்றால்.
மிச்சம் அந்தக் குட்டி ஃப்ரிட்ஜ்.
உள்ளே அரை எலுமிச்சை,
நான்கு குப்பி இன்சுலின்.

செய்ய வேறொன்றுமில்லாமல்
முனைகளில் பூத்த வெண்பச்சைப் பொடியை
சோடா உப்புத் தண்ணீரில்
பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன்.
வாசலின் தடவினேன்.
பன்னிரண்டு மூடியும் கழற்றி
ஹைட்ரோமீட்டரில் உறிஞ்சிப் பார்த்தேன்.
பதினொன்றுக்கு ஒரே பேச்சு.
இடப்பக்கத்து மூன்றாம் அறை மட்டும்
வேறென்னவோ சொல்கிறது.
எங்கள் வீட்டிலும் அப்படி ஒருத்தி உண்டு.
அவள் இப்போது மினிபஸ்ஸில் இருக்கிறாள்.

மத்தியானம் கதவு தட்டும் சத்தம்.
வெள்ளச்சி. முந்தானை முழுக்க ஈரம்.
"போனு செத்துப்போச்சுங்க.
மரம் விழுந்து தோட்டத்துல மூணு நாளா கரண்டு இல்ல.
அவரு குடகுல இருந்து
இன்னைக்குக் கூப்பிடறேன்னாரு."

நோட்டைப் பார்த்தேன்.
நோட்டு முடியாது என்றது.
ஒரு போன் குடிப்பது ஒரு மிடறுதான்.
நான்கு நாள் எண்ணி எண்ணி
மிடறையும் வழக்காக்கி வைத்திருந்தேன்.

ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு
அவள் போனைச் செருகினேன்.

"இதுக்குள்ள என்னங்க?"
"மருந்து. சில்லுன்னு இருக்கணும்."

என்னைப் பார்த்தாள்,
மேலே போட்டிருந்த இரண்டு ஸ்வெட்டரையும்.
பிறகு வெளியே பார்த்தாள்.
பிறகு மறுபடி என்னை.
சிரிக்காமலிருந்தது அவள் பெருந்தன்மை.

பிஸ்கட் டப்பாவில் குப்பிகளை அடுக்கி
துணி சுற்றி, வடக்குப் பக்கம்
பிள்ளைகள் தலை நீட்டாமலிருக்க அடித்த
ஜன்னல் கம்பியில் கட்டினாள்.
முடிச்சு மிளகுக் கொடி முடிச்சு.
தெர்மாமீட்டர் பதினைந்து என்றது.
தகடுகளைப் பட்டினி போட்ட அதே மூட்டம்
டப்பாவை முகர்ந்துகொண்டு நின்றது.

ஏழு சதவீதத்தில் போன் மணியடித்தது.
நான் ஏணியை எடுத்துக்கொண்டு
துடைக்கத் தேவையில்லாத தகடுகளைத்
துடைக்கப் போனேன்.
உள்ளே அவள் முதலில் திட்டினாள்,
பிறகு நெடுநேரம் மெதுவாகப் பேசினாள்.

இரவு எல்லாம் அணைத்து,
இரண்டு மணி நேரம் இருட்டில் உட்கார்ந்து,
கேட்டேன்.
பன்னிரண்டு புள்ளி ஒன்று.

டார்ச்சைப் பல்லில் கடித்து
ஸ்கேலைத் தேடினேன்.
நோட்டில் மூன்றாவதாக ஒரு கோடு.
தலைப்பு: வெளியே.